ஐந்தாம் காலும் அடிவயிறும்

எங்கள் வீட்டில் மூன்று பேர் துடுப்புக்காலி பார்க்கிறவர்கள், ஒருவர் பல் பார்க்கிறவர். பல் பார்க்கிறவர் என் கணவர். மற்ற மூவரில் மாமனாரும் மாமியாரும் இரண்டு மலைகள். நடுவில் நசுங்குகிற மூன்றாவது ஆள் நான்.

துடுப்புக்காலி என்றதும் ஏதோ படகுச் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். கோபிபாட் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். கடலில் மிதந்து திரியும் பூச்சி மாதிரியான ஓர் உயிர். அரிசி நொய்யை இன்னொரு முறை உடைத்தால் என்ன அளவு வருமோ, அந்த அளவு. இதைத் தின்று சின்ன மீன் வளர்கிறது, சின்ன மீனைத் தின்று பெரிய மீன் வளர்கிறது, பெரிய மீனை நாம் தின்கிறோம். ஆகவே மனித குலமே இந்தப் பூச்சியின் தயவில் நிற்கிறது என்று மாமா மேடையில் சொல்வார். அடுத்த மேடையில் அத்தை அதையே கொஞ்சம் திருத்திச் சொல்வார்.

பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சாகத்தான் இருக்கும். இது எந்த இனம் என்று சொல்ல, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, மயிரிழை ஊசியால் கூறுபோட்டுப் பார்க்க வேண்டும். எந்த இடத்தைப் பார்ப்பது என்பதில்தான் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிளந்தது. ஆணின் ஐந்தாம் காலைப் பார் என்பது மாமாவின் கட்சி. ஆணுக்கு அந்தக் கால் கொடுக்கு மாதிரி வளைந்திருக்கும், அந்த வளைவு இனத்துக்கு இனம் வேறு. பெண்ணின் அடிவயிற்றுக் கண்டத்தைப் பார் என்பது அத்தையின் கட்சி. அங்கே இருக்கிற புடைப்பும் முள்ளும் பொய் சொல்லாது என்பார். இரண்டையும் பார்க்க வேண்டும் என்று முதலாண்டு மாணவர்களுக்கான புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் புத்தகம் படிக்கிற நிலையை இருவரும் எப்போதோ தாண்டிவிட்டார்கள்.

நாங்கள் மூவரும் வேலை பார்ப்பது ஒரே கடல் ஆய்வு நிலையத்தில். நடைக்கூடத்தின் ஒரு பக்கம் மாமாவின் அறை, நேர் எதிரே அத்தையின் அறை. நிலையத்தில் மாமாவுக்குப் பட்டப்பெயர் 'அஞ்சாங்கால்', அத்தைக்கு 'அடிவயிறு'. எனக்குப் பட்டப்பெயர் வைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. 'மருமகள்' என்பார்கள். நான் இங்கே சேர்ந்த பிறகுதான் அவர்கள் பையனைக் கல்யாணம் செய்துகொண்டேன். அது யாருக்கும் நினைவில் இல்லை. மாமனார் மாமியார் தயவில் உள்ளே நுழைந்தவள் என்பது காவலாளி வரைக்கும் முடிவான விஷயம்.

நான் ஒப்பந்த வேலையில் இருந்தேன். நிரந்தரப் பதவிக்கு ஒரு நேர்காணல் வரப்போகிறது என்று நிலையத்தின் தலைவர் அறிவித்தார். தலைவர் திமிங்கிலம் படித்தவர். கண்ணுக்குத் தெரியாத எதையும் அவர் முழுசாக நம்புவதில்லை. என்னைக் கூப்பிட்டு, மனசில் கள்ளமில்லாமல்தான் கேட்டார்.

"ஏம்மா, நீ போட்ட கட்டுரை எல்லாத்துலயும் உன் மாமனார் பேரோ மாமியார் பேரோ இருக்கு. உன் பேரு மட்டும் போட்டு ஒண்ணே ஒண்ணு இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ நீ யாருன்னு குழு எப்படி முடிவு பண்ணும்?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. நான் யார் என்று காட்ட எனக்கு ஒரு கட்டுரை வேண்டும், என் பெயர் மட்டும் போட்டு. அதற்கு மேல் எனக்கு ஆசை எதுவும் இல்லை.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். மாமாவும் அத்தையும் கல்யாணமான புதிதில் ஆளுக்கொரு புது இனம் கண்டுபிடித்தார்கள். மாமா ஓர் ஆணைக் கண்டுபிடித்து, லத்தீன் வால் ஒட்டித் தன் அம்மாவின் பெயரை வைத்தார். அத்தை ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, அதே வாலை ஒட்டித் தன் அம்மாவின் பெயரை வைத்தார். யார் கட்டுரை முதலில் வருவது என்று வீட்டில் பாத்திரம் பறக்க, பாவம், பத்திரிகை ஆசிரியர் இரண்டையும் ஒரே இதழில் போட்டுக் கும்பிடு போட்டுவிட்டார். மாமாவின் கட்டுரை 'பெண் தெரியவில்லை' என்று முடிந்தது. அத்தையின் கட்டுரை 'ஆண் தெரியவில்லை' என்று முடிந்தது. கல்யாண விளம்பரம் மாதிரி இரண்டும் அடுத்தடுத்த பக்கத்தில் கிடந்தன.

அன்றிலிருந்து முப்பது வருஷமாக மாமா தன் ஆணுக்குப் பெண் தேடினார், அத்தை தன் பெண்ணுக்கு ஆண் தேடினார். ஒரே கப்பலில் போய், ஒரே வலையில் அள்ளி, அள்ளியதைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு எதிரெதிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மாமா தன் பங்கிலிருந்து ஆண்களைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை ஒரு பாட்டிலில் கொட்டுவார். அத்தை பெண்களைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை இன்னொரு பாட்டிலில் கொட்டுவார். எதிர் அறைக்குப் போய், உங்கள் மிச்சத்தைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்டால் கிரீடம் இறங்கிவிடாதா? அந்த மிச்ச பாட்டில்களைப் பார்த்துக் கணக்கெடுப்பதுதான் மருமகளின் வேலை.

அப்படி ஒரு பாட்டிலைக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தபோது, ஃபார்மலின் நெடியில் கண் எரிந்துகொண்டிருந்த ஒரு காலையில், இரண்டு பூச்சிகள் ஒட்டிக்கொண்டு கிடப்பதைக் கண்டேன். ஆண் தன் வளைந்த உணர்கொம்பால் பெண்ணின் வாலைப் பிடித்திருந்தது. ஐந்தாம் காலால் இடுப்பைக் கவ்வியிருந்தது. வலையில் விழுந்த நொடியில் எப்படி இருந்தனவோ அப்படியே மருந்தில் உறைந்துவிட்டன. ஊசியால் மெல்லத் திருப்பினேன். ஆணின் ஐந்தாம் கால் மாமாவின் அம்மா. பெண்ணின் அடிவயிறு அத்தையின் அம்மா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருஷமாக இருவரும் தேடிய வரன் எதிர் அறையில் இருந்திருக்கிறது. பெண் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று மாமா இந்த ஜோடியைக் கழித்திருக்கிறார். அத்தையின் கைக்குப் போயிருந்தால் ஆண் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று அவரும் கழித்திருப்பார். சிரித்து முடித்த பிறகு இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தேன். இரண்டு இனம் இல்லை, ஒரே இனம். இதைக் கண்டவள் நான். இதுதான் என் கட்டுரை.

ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. சொன்னதும் மாமா கரண்டியைத் தட்டில் போட்டார்.

"தப்பான பிடி," என்றார் மாமா. "ஆம்பளைப் பூச்சி அவசரத்துல எதை வேணா பிடிக்கும்."

"ஆமா, பிடிக்கும்," என்றார் அத்தை. "வேற இனத்தைக்கூடப் பிடிக்கும். அதுக்கு ஏது புத்தி?"

அவர்கள் இருவரும் ஒரே கருத்தைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அப்படின்னா ரெண்டு பேருமே தப்பா?" என்று கேட்டுவிட்டு, இருவரும் பார்த்த பார்வையில் மறுபடி குனிந்துகொண்டார்.

தப்பான பிடி என்ற வாதத்தை உடைக்க ஒரே வழிதான் உண்டு. ஒரு தாயின் முட்டையைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்ட வேண்டும். ஒரே தாயின் ஆண் பிள்ளைக்கு மாமாவின் கொடுக்கும், பெண் பிள்ளைக்கு அத்தையின் அடிவயிறும் வந்தால் முடிந்தது வழக்கு. நிலையத்தின் வளர்ப்பு அறைக்கு மாமா ஒரு சாவி, அத்தை ஒரு சாவி என்று வைத்திருந்தார்கள். இரண்டு சாவியும் ஒரே வாரத்தில் தொலைந்துபோயின. நான் மீன்பிடிப் படகு ஒன்றில் தொற்றிக்கொண்டு போய், வலை வீசி, உயிரோடு ஒரு பெண்ணைக் குடுவையில் கொண்டுவந்து, என் கணவரின் பல் மருத்துவமனைப் பின் அறையில் வைத்தேன். அங்கேதான் ஏசி நாள் முழுக்க ஓடும்.

"பேஷண்ட் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார் கணவர்.

"கடல் தண்ணின்னு சொல்லுங்க. ஈறுக்கு நல்லதுன்னு நம்பிடுவாங்க."

சொன்னதுபோலவே ஒரு பெரியவர் வாய் கொப்பளிக்க அந்தக் கண்ணாடிக் குடுவையை எடுத்துவிட்டார். கணவர் பாய்ந்து பிடுங்கியதில் தாயும் பிழைத்தது, மனித குலமும் பிழைத்தது. முட்டை பொரிந்து, சட்டை சட்டையாக உரித்து, குஞ்சுகள் வளர்ந்தன. பச்சைப் பாசி கரைத்த தண்ணீரை மூன்று வேளையும் ஊட்டினேன். என் கணவருக்கு அவ்வளவு ஒழுங்காக நான் சாப்பாடு போட்டதில்லை, அதை அவரே சொல்லிக் காட்டினார். கடைசிச் சட்டை உரிந்ததும் ஆணில் ஒன்றும் பெண்ணில் ஒன்றும் எடுத்துக் கூறுபோட்டேன். அண்ணனுக்கு மாமாவின் கொடுக்கு. தங்கைக்கு அத்தையின் புடைப்பு. வழக்கு முடிந்தது.

படங்களோடு எழுதி, என் பெயரை மட்டும் போட்டு, நிலையத்தின் பத்திரிகைக்குக் கொடுத்தேன். அதன் ஆசிரியர் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. புத்தி போன போக்கு அப்படி.

அடுத்த இதழ் வந்தது. என் கட்டுரை இல்லை. மாமாவும் அத்தையும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை இருந்தது, அவர்கள் வாழ்க்கையிலேயே சேர்ந்து எழுதிய முதல் கட்டுரை. நாங்கள் தனித்தனியே விவரித்த இரண்டும் ஒரே இனம் என்பதை நாங்களே இப்போது நிறுவுகிறோம் என்று கம்பீரமாகத் தொடங்கியது. குஞ்சு வளர்த்தது 'ஆசிரியர்களின் ஆய்வகத்தில்' என்று இருந்தது. பல் மருத்துவமனையைக் காணோம். படங்கள் என்னுடையவை. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: குஞ்சுகளைப் பராமரித்த எங்கள் மருமகளுக்கு நன்றி.

இதழைக் கையில் பிடித்துக்கொண்டு மாமாவின் அறைக்குள் போனேன். அதிசயமாக அத்தையும் அங்கே உட்கார்ந்திருந்தார். இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மாமா இது?"

"குடும்பத்துக்குள்ள என்னம்மா உன்னுது என்னுது? ரெண்டு பேரோட இனத்துல ஒரு குழப்பம். ரெண்டு பேரும் உட்கார்ந்து தீர்த்துட்டோம். வெளியிலிருந்து யாரோ வந்து சொல்ற மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்?"

"நான் யாரோவா?"

"அதைத்தான் சொல்றேன், நீ யாரோ இல்ல. எங்க மருமக," என்றார் அத்தை, ரொம்பப் பாசமாக.

திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்த வார்த்தைகளை எல்லாம் விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். திருடன் என்று கத்தலாம் என்றால் திருடிய இருவரும் எனக்குச் சோறு போடுகிறவர்கள். பகலில் அறைக்குள் உட்கார்ந்து அந்தக் கட்டுரையை வரி வரியாகப் படித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தேன், பெருந்தன்மையாக எல்லாம் இல்லை. நாலாவது பக்கத்தில் அது கிடைத்தது.

ஒரே இனம் என்று நிறுவிவிட்டார்கள், சரி. அந்த இனத்துக்கு எந்தப் பெயர்? எல்லா இடத்திலும் 'எங்கள் இனம்', 'இந்த இனம்' என்றே சுற்றிச் சுற்றி எழுதியிருந்தார்கள். கடைசியில், பெயர் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும் என்று ஒரு மழுப்பல். மாமாவின் அம்மாவா, அத்தையின் அம்மாவா என்பதில் மட்டும் அவர்களால் சேர்ந்து எழுத முடியவில்லை.

விலங்குகளுக்குப் பெயர் வைப்பதற்கு உலகம் முழுக்க ஒரே சட்டம். ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தி வந்த பெயர் நிற்கும். இரண்டும் ஒரே நாளில் வந்திருந்தால்? யார் முதலில் அச்சில், இரண்டையும் எடுத்துச் சொல்லி, இதுதான் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறாரோ அவர் சொன்னதே முடிவு. பேராசிரியர் என்றாலும் ஒப்பந்தக்காரி என்றாலும் ஒன்றுதான். இனி இந்தப் பூச்சியின் பெயர் வந்த கதையை எழுதுகிற ஒவ்வொருவரும், தேர்ந்தெடுத்தவரின் பெயரையும் குறிப்பிட்டாக வேண்டும். அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒரு பக்கக் குறிப்பு எழுதினால் போதும்.

இந்த முறை வேறு ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுவதாக முடிவு செய்தேன். ஆனால் எந்தப் பெயர்? கோபம் கொதித்த கொதிப்பில், கட்டுரையைத் திருட யோசனை சொன்னது யார் என்று கணவரைக் கேட்டேன். அவர் மென்று விழுங்கி, "அம்மா" என்றார். அப்படியானால் மாமாவின் அம்மா பெயர்தான், அத்தைக்கு இதுதான் தண்டனை என்று ஒரு மாலை முழுக்க மனசுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன். இனிக்கவும் செய்தது. பிறகு அதுவும் மருமகள் செய்கிற வேலைதானே என்று உறைத்தது. விஞ்ஞானி என்றால் பொருளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பார்க்க வேண்டிய பொருள் மூல மாதிரி. ஓர் இனத்தின் பெயர் எந்த ஒரு பூச்சியின் மேல் நிற்கிறதோ அந்தப் பூச்சி. சந்தேகம் வந்தால் உலகத்தில் யாரும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். எந்த மூல மாதிரி நல்ல நிலையில் இருக்கிறதோ அதன் பெயரை எடுப்பதுதான் நியாயம். முறைப்படி இருவரிடமும் எழுதிக் கேட்டேன். அத்தை அடுத்த நொடியே பாட்டிலைத் துடைத்துக் கொடுத்தார். மாமாவுக்கு முதலில் தலைவலி வந்தது, பிறகு மேசை டிராயரின் சாவி கிடைக்கவில்லை. நான் மறுபடி எழுதிக் கேட்டதும், தன் பூச்சியை வைத்து மூடிய கண்ணாடி வில்லையைக் கைக்குட்டையில் சுற்றி, கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல் நீட்டினார்.

அத்தையின் பெண், நேற்றுப் பிடித்ததுபோல் முழுசாக இருந்தது. மாமாவின் ஆணை நுண்ணோக்கியில் வைத்தேன். தலை இருந்தது. உணர்கொம்பு இருந்தது. நான்கு ஜோடிக் கால்கள் வரிசையாக இருந்தன. ஐந்தாம் கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காற்றுக்குமிழி இருந்தது. வில்லையை மூலைக்கு மூலை நகர்த்தித் தேடினேன். கண்ணில் நீர் வரும்வரை தேடினேன். ஐந்தாம் கால் கட்சியின் தலைவருடைய பூச்சிக்கு ஐந்தாம் கால் இல்லை.

குறிப்பை எழுதினேன். அத்தையின் அம்மா பெயரைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் ஒரு வரி: மற்றப் பெயரின் மூல மாதிரியில், இனத்தை அடையாளம் காட்டும் ஐந்தாம் கால் இல்லை. எழுதியதை ஒளிக்காமல் இருவருக்கும் ஒவ்வொரு படி கொடுத்தேன். அவர்கள் எனக்குச் செய்ததை நான் அவர்களுக்குச் செய்யக்கூடாது என்ற வீம்புதான்.

மாமா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"பேரை எடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அந்தக் காரண வரியை மட்டும் எடுத்துடும்மா."

"காரணம் இல்லாம எப்படி மாமா?"

"மாமியாருக்குப் பயந்து போட்டான்னு எல்லாரும் நினைச்சுக்கட்டும். உலகத்துல நடக்காததா? உங்க அத்தைகிட்ட தோத்தேன்னா எனக்கு அவமானமே இல்ல, தினமும் தோக்குறதுதான். ஒரு காற்றுக்குமிழிகிட்ட தோத்தேன்னு அச்சுல வரணுமா?"

அவர் போன கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தார். அவரும் கதவைச் சாத்தினார்.

"அந்த வரி எதுக்கு? எடுத்துடு."

"ஜெயிச்சது நீங்கதானே அத்தை?"

"ஜெயிச்சது போதும். என் மருமக எனக்காகப் போட்டான்னு நாலு பேர் சொன்னா எனக்குப் பெருமைதான். காரணம் வேண்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி இருவரும் ஒரே கட்சி. இத்தனை பாடுபட்டு ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்ததை வைத்து முடிவு செய்திருக்கிறேன், அதையும் மாமியார் மெச்சிய மருமகள் கதையாக்கப் பார்க்கிறார்கள். இவருக்குத் தற்பெருமை, அவருக்கு மானம், எனக்கு மட்டும் எதுவும் இருக்கக்கூடாது. வரியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போனார். குறிப்பு அந்த வரியோடு அச்சில் வந்தது.

நேர்காணல் நாள். நடுவில் தலைவர், ஒரு பக்கம் மாமா, மறுபக்கம் அத்தை. உறவுக்காரர்கள் வெளியே போக வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர் போனால் நான் போகிறேன் என்று இருவரும் சொன்னதால் இருவரும் போகவில்லை. தலைவர் என் ஒரு பக்கக் குறிப்பைக் கையில் வைத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தைப் புரட்டுவதற்கு என்ன இருக்கிறதோ, இரண்டு மூன்று தடவை புரட்டினார்.

"நானும் மத்தவங்களும் என்ன நினைச்சோம்னா, நீ மாமியாரைக் காக்கா பிடிக்கிறேன்னு நினைச்சோம்," என்றார். "இப்போதான் இந்த வரியைக் கவனிச்சேன். கால் இல்லையா?"

"இல்ல சார்."

"முப்பது வருஷமா உங்க மாமனார் டிராயர்ல பத்திரமா இருந்த பூச்சி. அவர் அதைப் படமா வரைஞ்சு வச்சிருக்கார், அதுல கால் இருக்கு. உன் கைக்கு வந்ததும் கால் இல்ல. நீ உடைச்சுட்டியா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. மூல மாதிரியை உடைத்தவள் என்று பெயர் வாங்கினால் நிரந்தரப் பதவியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. உலகத்தில் எந்தக் காட்சியகமும் ஒரு பாட்டிலைக்கூட என் கையில் தராது. நான் உடைக்கவில்லை என்பதற்கு ஒரே சாட்சி, எந்த மனிதரை நான் அச்சில் மூக்கறுத்தேனோ அவர். ஆமாம், இவளிடம் கொடுத்தபோது கால் இருந்தது என்று மாமா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மானம் திரும்பிவிடும். அவர் அம்மாவின் பெயரைக்கூடத் திரும்பக் கேட்கலாம்.

தலைவர் மாமாவின் பக்கம் திரும்பினார். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"அவ உடைக்கல," என்றார்.

"பின்ன?"

"படம் வரைஞ்சு முடிச்சு, மேல கண்ணாடியை மூடும்போது கால் தெறிச்சுப் போச்சு. தரையெல்லாம் தேடினேன். எங்கேன்னு தேடுறது? தூசு கணக்கா இருக்கும். அப்போ இருந்தே இல்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதனாலதான் யாரையும் என் டிராயர்ப் பக்கம் விடல. பாட்டிலைக் காட்டினா இதையும் கேட்பாங்களேன்னு எதிர் ரூமுக்கு அதையும் காட்டல. காட்டியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், ரெண்டும் ஒண்ணுன்னு."

நான் அத்தையைப் பார்க்கப் பயந்தேன். முப்பது வருஷச் சண்டைக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் கிடைக்காது, இனி இந்த மனிதரை வீட்டில் உட்காரவும் விடமாட்டார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்," என்றார் அத்தை.

மாமா தலையைத் தூக்கினார்.

"நம்ம பையன் பிறக்கிறதுக்கு முன்னாடியே தெரியும். ஒரு நாள் டிராயரைப் பூட்டாம ஊருக்குப் போனீங்க. எடுத்துப் பார்த்தேன். கால் இல்ல. திருப்பி அப்படியே வச்சேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே? நாலு பேர் நடுவுல என்னை எத்தனை வாதத்துல கிழிச்சிருக்கே. இதை ஒரு தடவைகூடச் சொல்லலையே?"

"சொல்லியிருந்தா நீங்க இந்த வேலையையே விட்டிருப்பீங்க. அப்புறம் நான் யார்கூட சண்டை போடுறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரியை எடுத்துவிடு என்று அத்தை என் அறையில் நின்று கேட்டது தன் பெருமைக்காக இல்லை. பூச்சியின் அடிவயிற்றில் ஒரு முள்ளைத் தவறவிடாத என் கண், எதிரே நின்ற மனுஷியைத் தவறவிட்டுவிட்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த வரி அங்கே இருந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்.

தலைவருக்குத் திமிங்கிலங்களிடையே இப்படி எதுவும் நடந்து பழக்கமில்லை. அவர் இருமினார், காகிதங்களை அடுக்கினார், என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குழுவைப் பார்த்தார்.

"சரி, விஷயத்துக்கு வருவோம். இவங்களுக்குப் பதவி கொடுக்கலாமா?"

"கொடுக்காம?" என்றார் மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபமாகவே. "முப்பது வருஷத்துல அந்தக் கால் இல்லைன்னு கண்டுபிடிச்ச ஒரே ஆளு இவதான் சார்."

"ரெண்டாவது ஆளு," என்று திருத்தினார் அத்தை.